உயரப் பந்து

நியூசிலாந்தின் ஒக்லண்டில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ரேடியோவில் நிமலன் ‘கொலிஜ் உதைபந்து’ என்று சொன்னபோது யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மலேசியாவிலிருந்து வந்தவர்கள் அதைக் காற்பந்து என்றார்கள், சென்னைக்காரர்கள் ஃபுட்பால் என்றார்கள். எல்லாருடைய பிள்ளைகளும் விளையாடியது ஒரே மைதானங்களில்தான். ஆகவே எல்லாரும் கேட்டார்கள்.

நிமலனுக்கு நாற்பத்தொன்பது வயது. பென்ரோஸில் தரை ஓடு இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றின் களஞ்சியத்தில் லொறிகளுக்குச் சாமான் பிரித்து அனுப்பும் பகுதிக்குப் பொறுப்பாளர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் திறக்கமாட்டார். காலைக் கூட்டத்தில் மனேஜர் ஏதாவது கேட்டால், பதிலை அவர் ஆங்கிலத்தில் அடுக்கி முடிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். நிம் ஒரு அமைதியான ஆள் என்று அங்கே அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பு ஒவ்வொரு நாளும் அவரைக் கொஞ்சம் குத்தியது.

மகள் லோஜனா பெல்மியர் கொலிஜின் பெண்கள் முதலாம் அணிக்குத் தெரிவான வருஷம், ரேடியோ நிகழ்ச்சியை நடத்தும் செல்வநாயகி அவரைக் கோயிலில் பிடித்தார்.

“நிமலன், எங்கட பிள்ளையள் இவ்வளவு பேர் விளையாடுதுகள். ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை. சீசன் தொடங்க முன்னம் வந்து கொஞ்சம் சொல்லுங்கோவன்.”

“எனக்குக் கதைக்க வராது அக்கா.”

“தமிழிலதானே. வரும்.”

வந்தது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவருக்கே தெரியாத ஒரு குரல் உள்ளேயிருந்து எழும்பி வந்தது. எந்தப் பள்ளி எந்த வாரம் எதோடு மோதுகிறது, யாருடைய வலது விங்கை யாருடைய இடது பெக் மறிக்கப்போகிறாள், மழை பெய்து சேறான மைதானத்தில் யாருடைய விளையாட்டு எடுபடாது என்று அவர் சொல்லச் சொல்ல, கேட்டவர்களுக்குப் பந்து கண்ணுக்கு முன்னால் உருண்டது. மகளுடைய ஆட்டங்களை மட்டுமல்ல, மற்றப் பள்ளிகளின் பயிற்சி ஆட்டங்களையும் ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு போய் நின்று பார்க்கத் தொடங்கினார். போன வருஷம், ஹார்கோர்ட் கேர்ள்ஸ் அணி அரையிறுதியில் கோர்னர் பந்தில்தான் தோற்கும் என்று சீசன் தொடங்குமுன்பே சொன்னார். அப்படியே தோற்றது. அதன்பிறகு கோயிலிலும் கடையிலும் ஆட்கள் நின்று கதைத்தார்கள். ‘நீங்கள்தானே ரேடியோ நிமலன்’ என்று முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். பிளாட் புஷ்ஷில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு டொக்டர் வலியவந்து கைகொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மனைவி கிருசாந்திக்குத் தெரியும். ஞாயிறு காலையில் அவர் சேர்ட்டுக்கு அயர்ன் போட்டு மினுக்கும் கவனத்தைப் பார்த்து அவள் சிரிப்பாள்.

இந்த வருஷம் ஏப்ரலில், சீசன் முன்னோட்டத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, லோஜனாவைப் பயிற்சியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். வழக்கமாக அவளோடு ஷாமினியும் வருவாள். ஷாமினி பெல்மியர் அணியின் நடுத் தடுப்பில் விளையாடும் பிள்ளை, லோஜனாவின் உயிர்த் தோழி. தாய் சாந்தா மலேசியாக்காரி, கணக்காளர். வீடு பக்குரங்காவில். இரண்டு வீட்டாரும் மாறிமாறிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார்கள். அன்றைக்கு ஷாமினி வரவில்லை.

கொஞ்சத் தூரம் போனதும் லோஜனா ஃபோனைக் கீழே வைத்தாள். அவள் ஆங்கிலத்தில்தான் கதைப்பாள், அவர் தமிழில் பதில் சொல்வார். ஷாமினிக்கு என்னவோ சரியில்லை என்றாள். டிசம்பர்க் கோடை விடுமுறையில் ஒரு சிநேகித ஆட்டத்தில் யாருடையவோ முழங்கை நெற்றிப்பொட்டில் பட்டதாம். அதற்குப் பிறகு உயரமாக ஒரு பந்து வந்தால், அண்ணாந்து பார்க்கும்போது வெளிச்சம் உடைந்து பந்து இரண்டாகத் தெரிகிறதாம். சிலவேளை தலை சுற்றுகிறதாம். கோச்சிடம் சொன்னால் டொக்டர் விடும்வரை நிறுத்திவிடுவார்கள், மாகாண அணித் தெரிவும் போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லையாம். பந்தை நிலத்தில் குத்தவிட்டுச் சமாளிக்கிறாளாம்.

“நான் சொன்னனெண்டு தெரியக்கூடாது” என்று தமிழுக்கு மாறிச் சொன்னாள். பிறகு கேட்டாள்: “என்ன செய்யிறது அப்பா?”

“பாப்பம்” என்றார் நிமலன்.

சிக்னலில் பச்சை விழுந்தது. அவருடைய மனம் அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. பெல்மியரின் நடுத் தடுப்பு உயரப் பந்தை எடுப்பதில்லை. போன மூன்று பயிற்சி ஆட்டங்களையும் நினைத்துப் பார்த்தார். உண்மைதான், ஒரு பந்தைக்கூட அவள் தலையால் அடிக்கவில்லை. நான் எப்படி இதைக் கவனிக்காமல் விட்டேன் என்று யோசித்தார். ஹார்கோர்ட்டின் அந்த நெட்டைப் போர்வேர்ட் பிள்ளையையும் இந்தப் பலவீனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேறு ஒருவருக்கும் தெரியாத ஒன்று தன் கையில் இருப்பது அவருக்கு இனித்தது.

ஞாயிறு வந்தது. செல்வநாயகி வழக்கம்போல வரவேற்றார். நிமலன் நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். முதல் வாரம் வடகரைப் பள்ளியோடு பெல்மியர்: இதில் லோஜனாவின் பக்கத்து விங்குக்குத்தான் வேலை, எதிர்ப் பெக் முன்னுக்கு ஏறினால் திரும்பி வரமாட்டாள் என்றார். கடைசி வாரம் போன வருஷச் சம்பியனோடு ஹார்கோர்ட்: அது கோல்காப்பாளர்களின் ஆட்டம். இன்னொன்று சேற்று மைதானத்தில் நடக்கப்போவது, அங்கே குறும்பாஸ் விளையாடும் அணி அழும். பிறகு குரலைத் தணித்தார்.

“ஆனா நேயர்களே, இந்த சீசனே இரண்டாம் வாரத்திலதான் இருக்கு. பெல்மியர், ஹார்கோர்ட். பெல்மியரின்ர நடுத் தடுப்பு நல்ல கெட்டியெண்டு எல்லாரும் சொல்லுவினம். நான் ஒண்டு கவனிச்சன். நிலத்தில வாற பந்தெண்டா அந்தப் பிள்ளை சிங்கம். உயரப் பந்து வந்தா, கதவு திறந்தபடி. தலையைக் குடுக்கமாட்டா. ஹார்கோர்ட் கோச்சுக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா இண்டைக்கு எனக்கொரு சாப்பாடு வாங்கித் தரோணும்.”

செல்வநாயகி சிரித்தார். “எப்பிடி நிமலன் இதெல்லாம் கண்டுபிடிக்கிறீங்கள்?”

“பாத்துக்கொண்டிருந்தாத் தெரியும் அக்கா” என்றார்.

அந்தத் துண்டு ரேடியோவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறியது. யாரோ அதற்குக் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பும் போட்டார்கள். ஹார்கோர்ட் அணியிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். லோஜனா அதைப் பார்த்தாளா என்று நிமலனுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அந்த வாரம் அவள் பஸ்ஸில் வந்தாள். பரீட்சைக்குப் படிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் வாரச் சனிக்கிழமை காலை மழை விட்டுவிட்டுத் தூறியது. பெல்மியர் மைதானத்தின் ஓரத்தில் பெற்றோர் குடை பிடித்து நின்றார்கள். சொசேஜ் சுடும் புகை மைதானத்தைக் குறுக்கே கடந்தது. சாந்தா அன்று வரவில்லை, அலுவலகத்தில் வருஷக் கணக்கு வேலை. அதனால் அன்று நிமலன்தான் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டுபோய் விட வேண்டும்.

ஆட்டம் தொடங்கியவுடனேயே ஹார்கோர்ட்டின் கோல்காப்பாளர் பந்தை வானத்துக்கு உதைத்தாள். அது ஷாமினியை நோக்கி வந்தது. அவள் பின்னுக்கு ஓடி, அதைக் குத்தவிட்டாள். நெட்டைப் பிள்ளை புகுந்து எடுத்தாள். கோல்.

பக்கத்தில் நின்ற தமிழ்த் தகப்பன் ஒருவர் நிமலனின் முதுகில் தட்டினார். “சொன்னமாதிரியே.”

நிமலன் சிரித்தார். தன்னுடைய மகளின் அணிக்கு எதிராக விழுந்த கோலுக்கு அவர் சிரித்தார். அடுத்த பந்தும் உயரத்தான் வந்தது, அதற்கடுத்ததும். எல்லாம் ஷாமினியின் பக்கம். அவர்கள் அவளைத் தேடித் தேடிப் பந்தை உதைத்தார்கள். இரண்டாவது கோலும் விழுந்தபோது பெல்மியர் பிள்ளைகள் பொறுமையிழந்து அவளைப் பார்த்துக் கத்தினார்கள். தலையால் அடி, தலையால் அடி. லோஜனா மட்டும் கத்தவில்லை. அவள் திரும்பி, கோட்டோரத்தில் நின்ற தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் நிமலனுக்கு உடனே விளங்கியது. அவர் குடையைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டார்.

அடுத்த பந்துக்கு ஷாமினி பின்வாங்கவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு எழும்பினாள். பந்து நெற்றியில் படவில்லை, பக்கத் தலையில் பட்டது. இறங்கியவள் கொஞ்ச நேரம் நேராக நின்றாள். பிறகு தன்னுடைய கோலை நோக்கி நடந்தாள், யாரோ கூப்பிட்டது போல. நாலைந்து அடி வைத்ததும் முழங்கால் மடிந்து உட்கார்ந்து, புல்லில் வாந்தி எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை கோச் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதற்கு முன்னர் ஏதாவது அடிபட்டதா, யாருக்காவது தெரியுமா என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார். நிமலன் இரண்டாம் வரிசையில் நின்றார். பதில் அவரிடம் இருந்தது. வாயில் வரவில்லை. ஆங்கிலம் வராததால் அல்ல. லோஜனாதான் அழுதுகொண்டே சொன்னாள்.

ஷாமினி பிழைத்துக்கொண்டாள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் முந்திய அடி ஆறாமலே இரண்டாவது அடி விழுந்திருக்கிறது, இந்த வருஷம் விளையாட்டே கூடாது, வெளிச்சமும் சத்தமும் திரையும் கூடாது, எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

கிருசாந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். செய்தி கேட்டதும் குசினியில், அடுப்புக்கு முன்னால், அப்படியே நின்றாள். “ஆரும் விழுந்து தலையில அடிபட்டா நாங்கள் மற்ற எல்லாத்தையும் விட்டிட்டு அவையைத்தான் பாப்பம். இந்தப் பிள்ளையை ஒருத்தரும் பாக்கேல்லையே” என்றாள். தனக்கு முன்பே தெரியும் என்று நிமலன் அவளிடமும் சொல்லவில்லை. லோஜனா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தார். அவளும் சொல்லாமல் மேலே போய்விட்டாள். தனக்காக அவள் வாயை மூடிக்கொண்டது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவராகத்தான் பிறகு சொன்னார். கிருசாந்தி ஏசவில்லை. “சாந்தாட்டப் போயிட்டு வாங்கோ” என்றாள். “நீர் வாறீரே?” என்று கேட்டார். “இல்லை. நீங்கள்தான் போகோணும்.”

புதன்கிழமை வேலையிலிருந்து வேளைக்கே வெளிக்கிட்டுப் பக்குரங்காவுக்குப் போனார். கதவைத் திறந்த சாந்தா உதட்டில் விரலை வைத்துவிட்டு உள்ளே விட்டாள். திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. பின் அறையில் ஷாமினி படுத்திருந்தாள். சின்னச் சத்தமும் அவளுக்கு வலித்தது. அதனால் அந்த வீட்டில் பேசியதெல்லாம் கிசுகிசுப்பாகவே இருந்தது.

“உட்காருங்க. டீ போடட்டுமா?”

“வேண்டாம் சாந்தா. நான் ரேடியோவில கதைச்சது பிழை. பிள்ளையைப் பற்றி அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மற்ற அணிக்குப் போய்ச் சேருமெண்டு நான் நினைக்கேல்லை.”

வரும் வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்திருந்த பேச்சு அது.

சாந்தா எதிரே உட்கார்ந்தாள். “நான் அதக் கேட்டேன். காற்பந்து பத்திப் பேசறீங்க, அது உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் முடிஞ்ச மேட்ச்செல்லாம் பாக்கறேன். அவ உயரமான பந்த எடுக்க மாட்டேங்கறான்னு பெத்தவ எனக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும் என்று ரேடியோவில் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். லோஜனாவும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டாள்.

“லோஜனா சொன்னவ” என்றார். “தலை சுத்துதெண்டும் சொன்னவ. பந்து ரெண்டாத் தெரியுதெண்டும் சொன்னவ.”

“எப்போ?”

“ரேடியோவுக்கு முதல்.”

சாந்தா பின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவளுடைய குரல் உயரவே இல்லை, உயர முடியாது. “என் நம்பர் உங்க ஃபோன்ல இருக்கு. ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், பத்து நிமிஷம் லேட்டாகும்னு எத்தன தடவ கூப்பிட்டுச் சொல்லியிருக்கீங்க. அதுக்கெல்லாம் கூப்பிட்டீங்க. இதுக்குக் கூப்பிடல. ஊருக்கெல்லாம் சொன்னீங்க, எனக்கு மட்டும் சொல்லல.”

அவள் சத்தம் போட்டு ஏசியிருந்தால் நிமலன் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். அவள் எழுந்து கதவைத் திறந்தாள். பிடியைத் திருகி, சத்தமில்லாமல்.

வீட்டுக்கு வந்து, வரும் ஞாயிறு ரேடியோவில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னார். செல்வநாயகியிடம் நேரமும் கேட்டுவிட்டார். எப்படித் தொடங்குவது என்றுகூட மனதில் வந்துவிட்டிருந்தது. லோஜனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அவரோடு நேரே கதைத்தது அப்போதுதான், தமிழில்.

“அதையும் ரேடியோவிலயா அப்பா?”

நிமலனுடைய முகம் சூடாகியது. அந்த மன்னிப்பைக் கேட்டு ஆட்கள் என்ன சொல்லுவார்கள், எப்படிப்பட்ட மனிசன் என்று எப்படி வியப்பார்கள் என்பதையும் அவர் நினைத்துப் பார்த்திருந்தார். அது மகளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய்ச் செல்வநாயகிக்கு ஃபோன் எடுத்து, இனி வரவில்லை என்றார்.

பிறகு ஆட்கள் கேட்டார்கள். ஏன் இப்போது ரேடியோவில் காணவில்லை? வேலை கூடிப்போச்சு என்றார். ஒரு நாள் கோயிலில் அந்தப் பக்கத்துத் தெரு டொக்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். டொக்டர் அவருடைய தோளைத் தட்டி, “விளையாட்டில இதெல்லாம் வாறதுதான் நிமலன், பெரிசா எடுக்காதேங்கோ” என்றார். ஒரு டொக்டர் அப்படிச் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, உடம்பெல்லாம் கூசியது. அடிபட்டது அந்த டொக்டரின் பிள்ளையாக இருந்தால் நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது.

இதற்கிடையில் அணிக்குள் கதை வேறாகப் போய்க்கொண்டிருந்தது. ஷாமினியின் நிலைமை லோஜனாவுக்குத் தெரியும், தெரிந்தும் மறைத்துவிட்டாள் என்று மற்றப் பிள்ளைகள் அவளை ஒதுக்கினார்கள். பயிற்சியில் அவளுக்குப் பந்து வரவில்லை. கிருசாந்திதான் இதைக் கண்டுபிடித்து நிமலனுக்குச் சொன்னாள்.

பள்ளி பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கூட்டமொன்று வைத்தது. தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாதி படம் போட்டு விளக்கினார். முடிவில் கோச், யாருக்குத் தெரிந்திருந்தாலும் ஒரு பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சிநேகிதிக்காக மறைப்பது சிநேகிதம் அல்ல என்றார். பெயர் சொல்லவில்லை. சில பெற்றோர் லோஜனா இருந்த பக்கம் பார்த்தார்கள்.

நிமலன் எழும்பினார். எழும்பிய பிறகுதான் தான் எழும்பியிருப்பது அவருக்குத் தெரிந்தது. கோச் அவரைக் கேள்வியோடு பார்த்தார். ஆங்கிலம் வழக்கம்போல உடைந்து உடைந்து வந்தது. இந்த முறை அவருக்காக வேறு யாரும் சொல்லி முடிக்கவில்லை, எல்லாரும் காத்திருந்தார்கள்.

“என் மகள் சொன்னது. பெரியவருக்குச் சொன்னது. அந்தப் பெரியவர் நான். என்ன செய்யிறது என்று கேட்டது. நான் செய்யவில்லை. நான் அதை எடுத்து ரேடியோவில் சொன்னேன், ஆட்டம் பற்றி. ஷாமினியின் அம்மாவுக்குச் சொல்லவில்லை. கோச்சுக்குச் சொல்லவில்லை. பிழை லோஜனாவில் இல்லை.”

பின்வரிசையில் சாந்தா இருந்தாள். அவள் தன் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமலன் உட்கார்ந்தார். லோஜனா அவரைப் பார்க்கவில்லை, நாற்காலியை மாற்றிக்கொண்டு போகவும் இல்லை.

அதற்குப் பிறகு லோஜனாவுக்குப் பந்து வரத் தொடங்கியது. அந்த ஒதுக்கல் இப்போது நிமலனிடம் வந்தது. முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் அவருடைய காரில் ஏறப் பிள்ளைகள் நெருக்குப்படும். இப்போது மற்றத் தாய்தகப்பன்மார் பரவாயில்லை, நாங்களே கூட்டிப்போகிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர் மைதானத்தின் மறுபக்கத்தில் தனியே நின்று பார்த்தார். பெல்மியர் ஐந்தாம் இடத்தில் முடித்தது. மழைக்காலம் முழுவதும் ஷாமினி பள்ளிக்கு வரவில்லை, பிறகு அரைநாள் அரைநாளாக வரத் தொடங்கினாள் என்று கிருசாந்தி மூலம் கேள்விப்பட்டார். சாந்தா கோயிலில் கண்டால் தலையசைத்தாள், அவ்வளவுதான். லோஜனா வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவுக்குக் கதைக்கத் தொடங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்துக் கதைகளை இப்போது தாயிடம்தான் சொல்கிறாள். அவர் உள்ளே வந்தால் அவை நின்றுவிடும்.

நவம்பரில் ஒரு நாள், பக்குரங்கா பிளாசாவில் அவர் மரக்கறி எடுத்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள்.”

ஷாமினி. மெலிந்திருந்தாள். கடைக்குள்ளும் தொப்பியின் முன்பக்கத்தை இறக்கி விட்டிருந்தாள். சாதாரணமாகச் சிரித்து, ஆங்கிலத்தில் லோஜனா பரீட்சை எப்படிச் செய்தாள் என்று கேட்டாள். தான் இந்த வருஷப் பாடங்களில் பாதியை அடுத்த வருஷம் திரும்ப எடுக்க வேண்டும் என்றாள். உதைபந்து இனி இல்லை, அம்மா விடமாட்டாள், தனக்கும் பயமாக இருக்கிறது என்றாள். ஒரு குறையும் சொல்லாமல், அவரை வெறும் சிநேகிதியின் தகப்பனாக நினைத்துத்தான் நின்று கதைத்தாள்.

அப்போதுதான் நிமலனுக்கு அது உறைத்தது. தாயிடம் போனார், கூட்டத்தில் எழும்பிச் சொன்னார், ரேடியோவில்கூடச் சொல்ல நினைத்தார். இந்தப் பிள்ளையிடம் ஒரு சொல் சொன்னதில்லை. இவ்வளவு மாதமும் அது அவருடைய மனதுக்கே வரவில்லை.

“ஷாமினி, என்னில பிழை. உனக்குத் தலை சுத்துதெண்டு எனக்கு முதலே தெரியும். நான் உன்னை நினைக்கேல்லை, ஆட்டத்தை நினைச்சன். மன்னிச்சுக்கொள் அம்மா.”

அவள் சங்கடத்தோடு கத்தரிக்காய்களைப் பார்த்தாள். அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு கதையைச் சீக்கிரம் முடித்துவிட நினைக்கும்போது சொல்வதுபோல, “இட்ஸ் ஓகே அங்கிள்” என்றாள். பிறகு தாய் காசு கட்டும் இடத்தில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, விளக்குகளுக்குக் கீழே தொப்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

அது மன்னிப்பு அல்ல என்று நிமலனுக்குத் தெரிந்தது. அவளிடம் அதைக் கேட்கத் தனக்கு உரிமை இருந்ததா என்றும் தெரியவில்லை. காசு கட்டும் இடத்தில் சாந்தா நின்றாள். அவர்கள் போய் முடியும்வரை அவர் அங்கேயே, மரக்கறிகளுக்கு முன்னால், எதையும் எடுக்காமல் நின்றார்.